நெட்வொர்க்கும் செயலியும்: செயல்திறன் கண்காணிப்பின் வரலாறு

ஒரு நிறுவனத்தின் ரூட்டர், ஸ்விட்ச், சர்வர், டேட்டாபேஸ், செயலி ஆகியவை எப்படி இயங்குகின்றன என்பதை இடைவிடாமல் அளந்து, கோளாறை உடனே கண்டறிந்து, அதன் காரணம்வரை போய்ச் சேரும் பணியே செயல்திறன் கண்காணிப்பு. அரை நூற்றாண்டைத் தாண்டிய இதன் வரலாற்றில் கருவிகள் பல வந்து போயின. அவற்றைவிட முக்கியமாக, கேட்கப்படும் கேள்வி மாறியது. தொடக்கத்தில் ‘கருவி உயிரோடு இருக்கிறதா?’ என்று பார்த்தார்கள். அடுத்து ‘எவ்வளவு சுமை தாங்குகிறது?’ என்று அளந்தார்கள். இன்று ‘திரைக்கு முன்னால் இருப்பவர் ஏன் காத்திருக்கிறார்?’ என்று தேடுகிறார்கள்.

அளவீட்டோடு பிறந்த வலை

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் முதல் கணு 1969-ல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. லெனார்ட் கிளைன்ராக்கின் குழு அங்கே புதிய வலையின் அளவீட்டு மையமாக இயங்க ஏற்பாடாகியிருந்தது. நாட்டின் மறுகோடியில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில், பி.பி.என். நிறுவனம் கட்டுப்பாட்டு மையம் ஒன்றை நடத்தியது. கணுக்களில் இருந்த ஐ.எம்.பி. கணினிகள் சுமார் நிமிடத்துக்கு ஒருமுறை தம் நிலையை அங்கே தெரிவித்தன. தொலைதூரத்தில் ஒரு தொலைபேசித் தடம் பழுதானால், தொலைபேசி நிறுவனத்துக்கே அந்தச் செய்தி கேம்பிரிட்ஜிலிருந்து முதலில் போவதுண்டு.

1980 அக்டோபர் 27 அன்று அந்த வலை முழுவதும் பல மணி நேரம் முடங்கியது. ஓர் ஐ.எம்.பி.யின் நினைவகத்தில் சில பிட்டுகள் நழுவி, நிலை அறிவிப்புகளின் வரிசை எண்கள் சிதைந்தன. எது புதிய அறிவிப்பு, எது பழையது என்று தீர்மானிக்க வழியில்லாமல், மற்றக் கணுக்கள் அவற்றையே மாறி மாறி அனுப்பிக்கொண்டு திணறின. வலையின் நலத்தைத் தெரிவிக்க வேண்டிய செய்தியே வலையை அடைத்துவிட்டது. எரிக் ரோசன் 1981-ல் எழுதிய அறிக்கை இந்தக் கோளாறின் வேரைப் படிப்படியாகத் தோண்டிக் காட்டுகிறது.

பிங்கும் நெரிசலும்

1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் மைக் மூஸ் ஒரு புரியாத நெட்வொர்க் கோளாறைத் துரத்திக்கொண்டிருந்தார். அதற்காக ஒரு சிறு நிரலை எழுதினார். எதிர்முனைக்கு ஒரு பாக்கெட்டை அனுப்புவது, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான் அதன் வேலை. சோனார் ஒலியை நினைத்து அவர் அதற்கு ‘பிங்’ என்று பெயரிட்டார். ‘பிங் ஆகுதா?’ என்று ஒருநாளும் கேட்காத நெட்வொர்க் பொறியாளர் இன்று இருக்க முடியாது.

பிங் பதில் தந்தால் மட்டும் போதாது என்பதை அடுத்த சில ஆண்டுகள் காட்டின. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், இணைப்பின் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி எதுவும் அறுபடவில்லை. தொலைந்த பாக்கெட்டுகளை எல்லாரும் மீண்டும் மீண்டும் அனுப்பியதால் வந்த நெரிசல் அது. வேன் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் பாக்கெட் அனுப்புதலை ஒழுங்குபடுத்தும் டி.சி.பி. நெறிமுறைக்குள் நெரிசல் தவிர்க்கும் முறைகளைப் புகுத்தினர். பாக்கெட் போகும் பாதையைப் படிப்படியாகக் காட்டும் ‘ட்ரேஸ்ரூட்’ ஜேக்கப்சன் எழுதியது. பாக்கெட்டையே பிரித்துக் காட்டும் ‘டிசிபிடம்ப்’ உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

எல்லாக் கருவிக்கும் ஒரே மொழி

எண்பதுகளில் ஒவ்வொரு தயாரிப்பாளரின் ரூட்டரும் தனக்கென ஒரு மேலாண்மை முறையோடு வந்தது. 1988 ஆகஸ்டில் ஜெஃப்ரி கேஸ் உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட எஸ்.என்.எம்.பி. நெறிமுறை அதற்கு ஒரு முடிவு கட்டியது. எந்தத் தயாரிப்பாக இருந்தாலும் ஒரே விதமாகக் கேட்டால் ஒரே விதமாகப் பதில் சொல்லும் என்ற நிலை வந்தது. தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்ட அது, இன்றும் உலகெங்கும் ரூட்டர்களில் இயங்குகிறது.

வீட்டு மின்மீட்டரைப் போலவே ரூட்டரிலும் ஓர் எண்ணி ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு ரீடிங்குகளின் வித்தியாசமே பயன்பாட்டின் அளவு. இந்த எளிய கணக்கைக் கொண்டு டோபியாஸ் ஓட்டிக்கர், இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 64 கிலோபிட் இணைப்பு ஒன்றைக் கண்காணிக்க எம்.ஆர்.டி.ஜி. என்ற கருவியை உருவாக்கி, 1995-ல் எல்லாருக்கும் இலவசமாகத் தந்தார். 5 நிமிடத்துக்கு ஒருமுறை வளரும் அதன் வரைபடம் நெட்வொர்க் அறைகளின் அடையாளமானது.

ஆனால் அந்த எண்ணி 32 பிட் கொண்டது. நிரம்பியதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். முழு வேகத்தில் ஓடும் 10 மெகாபிட் இணைப்பில் அது நிரம்ப 57 நிமிடம் பிடித்தது. 1 கிகாபிட்டில் 34 விநாடி போதும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பவர், இடையில் எண்ணி எத்தனை தடவை சுற்றியது என்று அறிய வழியில்லை. கோடு அழகாக வரும். எண் பொய்யாக இருக்கும். 64 பிட் எண்ணிகள் வந்த பிறகே அதிவேக இணைப்புகளின் கணக்கு நேரானது.

தொண்ணூறுகளின் இறுதியில் திறந்த மூலக் கருவிகள் பெருகின. ஈதன் கால்ஸ்டாட் 1999-ல் வெளியிட்ட நெட்செயிண்ட் பின்னர் நாகியோஸ் ஆனது. லாட்வியாவில் அலெக்ஸி விளாடிஷெவ் எழுதிய ஜாபிக்ஸ் 2001-ல் பொதுவெளிக்கு வந்தது. இதே ஓட்டத்தில் சென்னைக்கும் இடம் உண்டு. 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட், நெட்வொர்க் கருவித் தயாரிப்பாளர்களுக்கு எஸ்.என்.எம்.பி. மென்பொருள் தந்து வளர்ந்தது. டாட்காம் சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் குறையவே, நிறுவனங்களின் ஐ.டி. பிரிவுகளுக்கு நேரடியாக விற்கும் மேனேஜ்எஞ்சினை 2002-ல் தொடங்கியது. அந்த அட்வென்ட்நெட்தான் 2009-ல் ஜோஹோ எனப் பெயர் மாறியது.

செயலிக்குள் நுழைந்த பார்வை

இந்தக் கட்டத்தில் ஒரு புதிர் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. நெட்வொர்க் குழுவின் திரையில் எல்லாம் பச்சை. சர்வர் குழுவின் திரையிலும் பச்சை. கிளை அலுவலகத்தில் இருப்பவருக்கோ பக்கம் திறக்கவே இல்லை. ‘வார் ரூம்’ எனப்படும் அவசரக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தன் பக்கம் பழுதில்லை என்று நிரூபிக்க, பழுது மட்டும் அப்படியே இருந்தது.

விடை செயலியின் உள்ளே இருந்தது. 1998-ல் லூ சர்ன் தொடங்கிய வைலி டெக்னாலஜி, மூல நிரலைத் தொடாமல், ஜாவா பைட்கோடுக்குள் அளவிடும் கட்டளைகளைச் செருகியது. எந்தச் செயற்கூறு எத்தனை விநாடி எடுக்கிறது, எந்த டேட்டாபேஸ் கேள்வி மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பதெல்லாம் இயங்கும்போதே தெரிந்தது. ஆஸ்திரியாவின் லின்ஸில் 2005-ல் டைனட்ரேஸும், 2008-ல் சர்னின் நியூ ரெலிக்கும் ஜோதி பன்சாலின் ஆப்டைனமிக்ஸும் இதே வழியில் வந்தன.

அளக்கும் முறையும் கூர்மையானது. 100 கோரிக்கைகளில் 99-க்கு 0.1 விநாடியிலும், ஒன்றுக்கு 10 விநாடியிலும் பதில் வந்தால், சராசரி 0.2 விநாடிதான். அந்த ஒருவரின் அவதி சராசரியில் மறைந்துபோகிறது. அதனால்தான் இத்துறையினர் 95, 99 ஆகிய சதமானங்களைப் பார்க்கிறார்கள்.

செயலி ஒன்று பல நூறு சிறு சேவைகளாகச் சிதறியபோது ஒரு சர்வரின் உள்ளே பார்ப்பதும் போதவில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அது போகுமிடமெல்லாம் பின்தொடரும் ‘டாப்பர்’ முறையைக் கூகுள் 2010-ல் விவரித்தது. சுமையைக் குறைக்க, அதன் முதல் வடிவம் சராசரியாக 1,024 கோரிக்கைகளில் ஒன்றை மட்டுமே பதிவு செய்தது. ட்விட்டரின் ஜிப்கினும் ஊபரின் யேகரும் அதன் வழித்தோன்றல்கள். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012-ல் பிறந்த ப்ரொமீதியஸ், எண் அளவீடுகளுக்குப் பொதுக் கருவியாகப் பரவியது.

காவலே சிக்கலானபோது

கண்காணிப்பு, தான் கண்காணிக்கும் பொருளையே நம்பி நின்றால் என்ன ஆகும் என்பது 2017 பிப்ரவரி 28 அன்று வெளிப்பட்டது. அமேசானின் எஸ்-3 சேமிப்புச் சேவை, கட்டளை ஒன்றில் நேர்ந்த பிழையால் வடக்கு வர்ஜீனியாவில் சுமார் 4 மணி நேரம் விழுந்தது. பழுதை அறிவிக்க வேண்டிய நிலைப்பலகையும் எஸ்-3-ஐச் சார்ந்திருந்ததால், அதைப் புதுப்பிக்க முடியாமல் அமேசான் ட்விட்டரில் செய்தி சொன்னது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் மறைந்தபோதும், பழுதைத் தேட உதவும் உள்கருவிகள் பலவும் கூடவே செயலிழந்தன.

2020 டிசம்பரில் வெளிப்பட்டது வேறு வகை ஆபத்து. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்புக்குள் ஊடுருவிகள் தீநிரலைப் புகுத்தியிருந்தனர். 18,000 வரையிலான வாடிக்கையாளர்கள் அதை நிறுவியிருந்ததாக நிறுவனமே கணித்தது. எல்லாக் கருவிகளையும் எட்டிப் பார்க்கும் உரிமை ஓரியனுக்கு இருந்ததே ஊடுருவிகளுக்கு அதை அரிய வாசலாக்கியது.

இன்றைய நிலை

2019-ல் இரண்டு திட்டங்கள் இணைந்து உருவான ஓப்பன்டெலிமெட்ரி, அளவீடு, லாக், தடம் மூன்றையும் எந்த நிறுவனத்தின் கருவிக்கும் ஒரே வடிவில் அனுப்ப வழி செய்கிறது. லினக்ஸ் கருவுக்குள் ஓடும் இ.பி.பி.எஃப். நிரல்கள், பாக்கெட்டையும் செயலியின் அழைப்பையும் ஒரே இடத்திலிருந்து காண்கின்றன. ரூட்டர் விற்று வளர்ந்த சிஸ்கோ, 2017-ல் ஆப்டைனமிக்ஸை ஏறத்தாழ 370 கோடி டாலருக்கும், 2024-ல் லாக் ஆய்வில் பெயர்பெற்ற ஸ்ப்ளங்க்கை ஏறத்தாழ 2,800 கோடி டாலருக்கும் வாங்கியது. நெட்வொர்க்கின் எண்ணிகளும் செயலியின் தடங்களும் தனித்தனித் திரைகளில் இருந்த நிலை இதனால் மெல்ல மாறி வருகிறது.