இராணி மங்கம்மாள் மகால்

இராணி மங்கம்மாள் மகால், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்கு அருகிலுள்ள மதுரை நாயக்கர் காலத்து அரண்மனைக் கட்டடமாகும். பெயர் அரசியுடையதாயினும், இதனைக் கட்டுவித்தவர் அவருடைய கணவர் சொக்கநாத நாயக்கர் (ஆட்சி 1659–1682) ஆவார். மதுரையிலிருந்து தலைநகரை இங்கு மாற்றிய அவர், அரண்மனை எழுப்புவதற்காகத் திருமலை நாயக்கர் அரண்மனையின் பகுதிகளைப் பிரித்து எடுத்துவந்தார் எனக் கூறப்படுகிறது. மதுரைக்கு அது பேரிழப்பே. பேரன் விசயரங்க சொக்கநாதர் குழந்தையாக இருந்தமையால், 1689 முதல் அவர் சார்பில் மங்கம்மாள் ஆட்சி செய்தார்.

1983 இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம், 1997 இல் இவ்வரண்மனையின் தர்பார் மண்டபத்துக்கு இடம் மாறியது. கற்சிற்பங்கள், நாணயங்கள் முதலியன காட்சிக்கு உள்ளன. எனினும் வளைவுகளும் குவிமாடமும் கொண்ட மண்டபமே இங்கு முதன்மையான காட்சிப்பொருள் எனலாம். காவிரிக்கு அப்பால், திருவரங்கம் கோயிலில் விசயரங்க சொக்கநாதர் தம் குடும்பத்தாருடன் நிற்கும் உருவச் சிலைகளைக் காணலாம்.