புணையும் சங்காடமும்: இந்தியச் சிறுகலங்களின் நிலைப்பாட்டு வரலாறு

முன்னுரை

தமிழ் இலக்கியங்களில் பயிலும் நீர்க்கலப் பெயர்களைத் தொகுத்துக் காட்டும் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. அம்பி, ஓடம், தோணி, திமில், பஃறி, புணை, மிதவை, நாவாய், வங்கம் என விரியும் அப்பட்டியல்கள் பண்டைத் தமிழரின் கடல்சார் வாழ்வின் பரப்பை உணர்த்துவன. ஆயினும் நாவாய், வங்கம் போன்ற பெருங்கலங்கள் பெற்ற கவனத்தைத் துடுப்பினால் இயங்கும் சிறுகலங்கள் பெறவில்லை. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் இச்சொற்களுட் பலவற்றை ஒருபொருட் பன்மொழிகளாக அடுக்குகின்றன. பிற்கால அகராதிகளும் பல இடங்களில் 'ஒருவகைத் தோணி' என்ற அளவில் நின்றுவிடுகின்றன.

சொல்லளவில் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, ஆற்றைக் கடப்போர்க்கும் அலையைத் தாண்டுவோர்க்கும் உயிர்பற்றியதாகும். ஏறிய கலம் எளிதில் கவிழுமா, கவிழ்ந்தபின் மூழ்குமா, மீண்டும் நிமிர்த்த இயலுமா என்பவற்றை அக்கலத்தின் ஆக்கமுறையே முடிவு செய்கிறது. இந்தியச் சிறுகலங்கள் தம் நிலைப்பாட்டை எவ்வெவ் வழிகளில் பெற்றன என்பதையும், அவ்வழிகளின் சுவடுகள் கலப்பெயர்களில் எங்ஙனம் பதிந்துள்ளன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கவிழாமையும் மூழ்காமையும்

சிறுகலத்தின் பாதுகாப்பு இரு கூறுகளை உடையது. ஒன்று கவிழாமை, மற்றொன்று மூழ்காமை. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளப்படுவதே இத்துறையில் நிகழும் முதற்குழப்பம் எனலாம்.

கலம் ஒருபக்கம் சாயும்போது நீரில் அமிழ்ந்துள்ள பகுதியின் வடிவம் மாறுகிறது. அதனால் மிதப்பு விசையின் மையம் சாய்ந்த பக்கம் நகர்ந்து கலத்தை நிமிர்த்த முற்படுகிறது. கலத்தின் ஈர்ப்புமையம் மிக உயர்ந்திருப்பின் இந்நிமிர்த்தும் ஆற்றல் குன்றிக் கலம் கவிழ்கிறது. பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே 1746ஆம் ஆண்டு வெளியிட்ட கப்பலியல் நூலில் இதனைக் கணித முறையில் விளக்கினார். இக்கணிதத்தில் அகலமே முதன்மை பெறுகிறது. நீளம் மாறாதிருக்க, நீர்மட்டத்தில் கலத்தின் அகலம் இருமடங்கானால், சாய்வை எதிர்க்கும் அம்மட்டப் பரப்பின் திருப்புத்திறன் எட்டு மடங்காகும். எனவே கவிழாமையைப் பெற இருவழிகள் உள்ளன: பாரத்தைத் தாழ்த்துதல், அகலத்தைப் பெருக்குதல்.

மூழ்காமை வேறொன்றைச் சார்ந்தது. குடைந்த மரத்தோணியோ பலகைப் படகோ தன்னுள் அடைத்து வைத்துள்ள காற்றினால் பாரம் தாங்குகிறது. நீர் உட்புகுந்தால் அத்தாங்குதிறன் அழிகிறது. கட்டிய மரங்களாலான மிதவையோ தன் மரத்தின் எடைக்குறைவினாலேயே மிதக்கிறது. அதில் நீர் தங்க இடமில்லை. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு நோக்கும்போதுதான் கலப்பெயர்களின் பொருள் தெளிவுறும்.

கட்டுதல்: புணையும் கட்டுமரமும்

சங்க இலக்கியத்தில் புணை பல சூழல்களில் வருகிறது. புதுப்புனலாடும் மகளிர் பற்றிக்கொள்ளும் வேழத்தண்டுகளாலான புணையைப் பாடல்கள் காட்டுகின்றன. கணியன் பூங்குன்றனார் பாடலில் ஆற்றொழுக்கின்வழிச் செல்லும் புணை, ஊழின்வழிச் செல்லும் உயிருக்கு உவமையாகிறது. திருக்குறளின் வெகுளாமை அதிகாரத்தில் சுற்றம் என்பது காப்பாக அமையும் புணையாக உருவகிக்கப்பெறுகிறது. இவ்விடங்களில் புணை விரைவுக்கோ வணிகத்திற்கோ உரிய கலமாக நில்லாமல், பற்றுக்கோடாக நிற்பது கருதத்தக்கது.

புணை என்னும் சொல்லுக்குத் தெப்பம் என்ற பொருளோடு உதவி, ஈடு என்னும் பொருள்களும் உண்டு. ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பேற்று நிற்றலும் புணையே. புணர், பிணை ஆகிய சொற்களோடு இதனை ஒருங்கு வைத்து நோக்கினால், பலவற்றைச் சேர்த்துக் கட்டுதல் என்னும் வினையும் ஒருவரைக் காத்தல் என்னும் பயனும் ஒரே சொல்லுக்குள் அமைந்திருப்பது புலப்படும். தனிமரம் உருளும், கட்டிய மரங்கள் உருளா. இத்தொழில்நுட்ப உண்மையே சமூக உறவுக்குரிய சொல்லாகவும் வளர்ந்துள்ளது எனக் கருத இடமுண்டு.

சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இம்முறையின் முதிர்ந்த வடிவம். எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, நடுமரம் தாழ்ந்தும் பக்கமரங்கள் சற்று உயர்ந்தும் அமையுமாறு அடுக்கிக் கயிற்றினால் பிணைப்பர். அணியம் மேல்நோக்கி வளைந்திருத்தலால் அலையை ஏறிக் கடத்தல் எளிதாகிறது. பிளந்த மூங்கிலைத் துடுப்பாகக் கொண்டு முழந்தாளிட்டுத் தண்டுவலிப்பதால் ஆளின் பாரம் தாழ்ந்து நிற்கிறது. மேலேறும் அலைநீர் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் கட்டுமரம் மூழ்காது. அதனைப் புரட்டி நிமிர்த்தி மீண்டும் ஏறலாம். கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்தும் வழக்கமும் பாதுகாப்பின் பாற்பட்டதே. நீரூறிய மரம் எடைகூடி மிதப்பாற்றலை இழக்கும் என்பதை அறிந்தோர் கண்ட நடைமுறை அது.

இக்கலத்தைக் கண்ட ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதினர். 1669 முதல் 1679 வரையிலான வங்காள விரிகுடாப் பகுதிகளைப் பற்றி எழுதிய தாமஸ் பௌரி இதனைப் படமாகவும் வரைந்தார். 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயணநூல், ஒருவர் மட்டுமே அமரத்தக்க மிகச் சிறிய மிதவைகளில் கால்களும் இடைக்கீழ்ப் பகுதியும் எந்நேரமும் நீரில் நனைந்தபடி மக்கள் செல்வதைக் குறிப்பிடுகிறது. நனைதலை ஏற்றுக்கொண்டு மூழ்காமையைப் பெற்ற தொழில்நுட்பம் அது.

இணைத்தல்: சங்காடம்

இரண்டு குடைமரத் தோணிகளை இடைவெளிவிட்டு இணையாக நிறுத்தி, குறுக்குக் கழிகளால் பிணைத்து, மேலே தளம் அமைப்பது மற்றொரு முறை. தனித்தனியே எளிதில் சாயும் இரு தோணிகள் இணைந்தபின் அரிதில் சாய்கின்றன. ஒன்று அமிழ முற்படின் மற்றொன்று எழவேண்டியிருத்தலின், அவற்றின் இடைவெளியே கலத்தின் அகலமாகச் செயற்படுகிறது. ஆற்றுத்துறைகளில் கால்நடைகளையும் வண்டிகளையும் கடத்த இம்முறை பெரிதும் பயன்பட்டது.

இவ்விணைகலத்திற்குத் தமிழில் சங்கடம், சங்காடம் எனவும் மலையாளத்தில் சங்ஙாடம் எனவும் பெயர்கள் வழங்கின. துன்பம் என்னும் பொருளுடைய சங்கடம் வேறு சொல் என்பது நினைவுகொள்ளத்தக்கது. கலப்பெயரைச் சேர்க்கை என்னும் பொருள்தரும் வடமொழிச் 'சங்காட' என்பதனோடு தொடர்புபடுத்துவர். போர்த்துக்கீசியர் வாயில் இச்சொல் 'ஜங்கட' ஆயிற்று. பிரேசில் நாட்டுக் கரையோர மிதவைக்கும் அதுவே பெயராயிற்று. கேரளக் காயல்களில் வண்டிகளை ஏற்றிச் செல்லும் கலம் இன்றும் 'ஜங்கார்' என்றே வழங்குகிறது.

இச்சொல்லின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டப்பெறுவது கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல். கிழக்குக் கரைத் துறைகளைக் கூறுமிடத்து அந்நூல் 'சங்கர' என்னும் மிகப் பெரிய கலங்களைச் சுட்டுகிறது. 1912இல் வெளிவந்த ஷாஃப் மொழிபெயர்ப்பு அவற்றை ஒற்றை மரங்களைச் சேர்த்துக் கட்டிய கலங்கள் எனக் கொள்ள, 1989இல் வெளிவந்த லயனல் காசன் மொழிபெயர்ப்பு நுகம்போல் பிணைக்கப்பட்ட குடைமரக் கலங்கள் எனக் கொள்கிறது. முன்னது கட்டுமர மரபை நோக்கியும் பின்னது சங்காட மரபை நோக்கியும் செல்கின்றன. எவ்வாறாயினும் கட்டுதலும் பிணைத்தலும் இக்கரையின் கலத்தொழிலை அயலார்க்கு அடையாளம் காட்டின என்பது உறுதி.

இங்கு ஒரு பெயர்மாற்றம் சுட்டத்தக்கது. கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் 'கேட்டமரான்' என ஆங்கிலம் புகுந்து, காலப்போக்கில் ஈருடற் படகைக் குறிப்பதாயிற்று. அமெரிக்கக் கலவல்லுநர் நத்தானியல் ஹெர்ஷாஃப் 1876இல் பந்தயத்தில் செலுத்திய 'அமரில்லிஸ்' அத்தகைய ஈருடற் கலமே. தமிழகக் கட்டுமரம் ஈருடல் உடையதன்று. அது மரங்கள் நெருங்கப் பிணைந்த ஓருடல் மிதவை. ஈருடல் என்னும் கருத்துக்குரிய இந்தியக் கலம் சங்காடமே. ஆங்கில வழக்கை மீளத் தமிழுக்குக் கொணர்ந்து, கட்டுமரத்தை ஈருடற் கலமாக விளக்குவது வரலாற்றுப் பிழையாகும்.

அகலித்தல்: பரிசல்

ஆழமற்றும் பாறை மிகுந்தும் ஓடும் ஆறுகளில் மரக்கலம் உடையும். காவிரி, துங்கபத்திரை ஆகிய ஆறுகளில் வழங்கும் வட்டவடிவப் பரிசல் அச்சூழலுக்குரியது. மூங்கிற் பிளாச்சுகளால் பின்னிய கூடையின் அடிப்புறத்தில் முன்பு தோல் போர்த்தினர். பின்னர்த் தாரும் நெகிழித்தாளும் அவ்விடத்தைப் பெற்றன. இதனைத் தமிழில் அரிகோல் எனவும் கன்னடத்தில் ஹரிகோலு எனவும் கூறுவர். 1520ஆம் ஆண்டையொட்டி விசயநகரைக் கண்ட போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயஸ், கூடைபோல் வட்டமான தோற்கலங்கள் பதினைந்து இருபது பேரை ஏற்றிச் செல்வதையும், குதிரைகளும் எருதுகளும் அவற்றில் கடத்தப்படுவதையும், துடுப்பு வலிக்குங்கால் அவை சுழன்றுகொண்டே செல்வதையும் பதிவுசெய்துள்ளார்.

பரிசலின் நீளமும் அகலமும் ஒன்றே. ஆதலின் எப்பக்கம் சாயினும் எதிர்க்கும் ஆற்றல் சமமாக உள்ளது. அடி தட்டையாக இருத்தலின் சிறிது நீரிலும் மிதக்கிறது. ஆயினும் அதன் விளிம்பு தாழ்ந்தது. ஆட்கள் மிகுந்தாலோ ஒருபக்கம் ஒதுங்கினாலோ எழுந்து நின்றாலோ விளிம்பின் வழியே நீர் புகும். புகுந்தால் தாங்குதிறன் போய்விடும். கவிழாமை மிகுந்தும் மூழ்காமை குறைந்தும் உள்ள கலத்திற்குப் பரிசல் தக்க எடுத்துக்காட்டாகும். கட்டுமரம் இதற்கு நேர்மாறானது.

துணைமிதவை

குறுகிய குடைமரத் தோணியின் பக்கவாட்டில் இரு கழிகளை நீட்டி, அவற்றின் நுனியில் சிறுமரம் ஒன்றை நீரில் மிதக்கவிடுவது நான்காவது முறை. துணைமிதவையின் பக்கம் கலம் சாயின் அதன் மிதப்பு தடுக்கும். மறுபக்கம் சாயின் அதன் எடை தடுக்கும். நிக்கோபார், அந்தமான் தீவுகளிலும், கோவா, காரவார் ஆகிய மேற்குக்கரைப் பகுதிகளிலும், இலங்கையின் 'ஒரு' என்னும் சிங்களக் கலத்திலும் இவ்வமைப்பைக் காணலாம்.

சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகமைப்புப் பற்றிய ஆய்வில் இக்கலங்களின் பரவலை வரைந்து, தென்கடல் தீவுமக்களின் தொடர்பால் இவ்வமைப்பு இந்தியக் கரைகளை அடைந்தது என்னும் கருத்தை முன்வைத்தார். தமிழர் கலங்கள் முற்றிலும் தனித்து வளர்ந்தன என்பாரும், முற்றிலும் இரவல் என்பாரும் ஒருசேர எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி, ஒரே சிக்கலுக்கு அருகருகேயுள்ள கரைகள் வெவ்வேறு தீர்வுகளைத் தேர்ந்தன என்பதாகும்.

அண்மைக்கால மாற்றங்கள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறியும் ஒட்டுப்பலகையும் இழைக்கண்ணாடியும் கரைக்கு வந்தன. சென்னையை மையமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும், குமரி மாவட்டத்து முட்டம் படகுகட்டும் மையமும் சிறுகலச் சீர்திருத்தத்தில் ஈடுபட்டன. முட்டத்துப் பட்டறிவை பியேர் ஜிலே 1985இல் நூலாக வெளியிட்டார். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை கட்டுமரங்களையும் நிக்கோபார் ஓடங்களையும் பெருமளவில் அழித்தது. மறுவாழ்வுப் பணிகளின்வழி இழைக்கண்ணாடிப் படகுகள் தமிழகக் கரையில் மிகுந்தன.

இம்மாற்றம் விரைவையும் கொள்ளளவையும் தந்தது. எனினும் இழைக்கண்ணாடி நீரைவிடக் கனமானது. வெற்று உடலுள் நீர் நிறைந்தால் அது மூழ்கும். ஆதலால் அணியத்திலும் கடைப்புறத்திலும் நுரைப்பொருள் நிரப்பிய மூடிய அறைகள் அமைத்தல் இன்றியமையாதது. கட்டுமரத்தில் இயல்பாக இருந்த மூழ்காமையைப் புதிய படகில் திட்டமிட்டுச் சேர்க்கவேண்டியுள்ளது.

சட்டமும் நெடுங்காலம் பொறிக்கலங்களையே நோக்கியது. ஆற்றுத்துறைகளுக்கென 1878ஆம் ஆண்டின் வட இந்தியத் துறைகள் சட்டம், 1890ஆம் ஆண்டின் சென்னைக் கால்வாய்கள் மற்றும் பொதுத்துறைகள் சட்டம் போன்றவை இருந்தபோதிலும், 1917ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலச் சட்டம் பொறியால் இயங்குவனவற்றையே தழுவியது. 2021இல் அதற்கு மாற்றாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பொறியற்ற கலங்களுக்கும் தனி இயல் வகுத்துள்ளது. துடுப்புக் கலத்தின் வகையறிந்து பாதுகாப்பு விதி வகுக்கவேண்டிய தேவை இதனால் மிகுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. இந்தியச் சிறுகலங்கள் கட்டுதல், இணைத்தல், அகலித்தல், துணைமிதவை பூட்டல் என்னும் நான்கு வழிகளில் நிலைப்பாட்டைப் பெற்றன. இவை ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்த படிநிலைகள் அல்ல. நீர்நிலையின் தன்மைக்கேற்ற தனித்தனித் தீர்வுகள்.

2. கவிழாமையும் மூழ்காமையும் வேறுவேறு பண்புகள். கட்டுமரம் பின்னதிலும் பரிசல் முன்னதிலும் சிறந்தன.

3. புணை, கட்டுமரம், சங்காடம் ஆகிய பெயர்கள் பிணைத்தல் என்னும் செயலை அடிப்படையாகக் கொண்டவை. காத்தல் என்னும் பொருளும் புணையில் உடன்வளர்ந்துள்ளது.

4. 'கேட்டமரான்' என்னும் ஆங்கிலச் சொல்லின் இன்றைய பொருள் கட்டுமரத்திற்குப் பொருந்தாது, சங்காடத்திற்கே பொருந்தும்.

கலப்பெயர்களுக்குப் பொருள்வரையும் அகராதிகள் 'ஒருவகைத் தோணி' என்பதோடு அமையாமல், ஆக்கமுறை, நிலைப்பாட்டு வழி, நீர்புகின் நேரும் விளைவு ஆகிய மூன்றையும் தருதல் வேண்டும். கட்டுமரம் பிணைக்கவும் பரிசல் முடையவும் அறிந்தோர் கரைகளிலும் துறைகளிலும் இன்னும் உள்ளனர். அவர்தம் தொழிற்சொற்களைக் களத்தில் தொகுப்பது தமிழாய்வின் உடனடிக் கடமையாகும். அச்சொற்கள் மறையுமாயின், அவற்றோடு உயிர்காத்த ஓர் அறிவும் மறையும்.