தமிழை உலகுக்கு எடுத்துச் சென்ற தனிநாயக அடிகளார்

கத்தோலிக்கக் குருமார் தமிழுக்கு ஆற்றிய தொண்டு நெடிய வரலாறுடையது. 1578ஆம் ஆண்டில் அன்றீக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைக் கொல்லத்தில் அச்சேற்றினார். வீரமாமுனிவர் சதுரகராதி கண்டார். இவர்கள் பிறநாட்டிலிருந்து வந்து தமிழுக்கு ஆட்பட்டவர்கள். தமிழ் மண்ணில் தோன்றி, தமிழின் பெருமையைப் பிறநாட்டு அறிஞரவைகளில் நிலைநாட்டிய குருவானவர் சேவியர் தனிநாயக அடிகளார் ஆவார்.

1913 ஆகஸ்டு 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பொன்னில் அடிகளார் பிறந்தார். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கற்று, உரோமையில் இறையியல் பயின்று குருப்பட்டம் பெற்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தேர்ந்த அவர், தாய்மொழியின் இலக்கியத்தை முறையாகக் கற்றிருக்கவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணி ஏற்றபோதுதான் அக்குறை அவரை உறுத்தியது. இளமை கடந்த பருவத்தில் தமிழ்ப் பண்டிதரிடம் பாடங்கேட்டார். பின்னர் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து அவர் எழுதிய ஆய்வேடு, ஆங்கில நூலாக வெளிவந்து, திணைக் கோட்பாட்டைப் பிறமொழியாளர்க்கு விளக்கியது.

நெய்தல் நிலத்து வாழ்வோராகிய நமக்கு அவ்வாய்வு மிக நெருக்கமானது. பெரும்பாணாற்றுப்படை பாடும் நீர்ப்பெயற்றுத் துறையையும் அங்கு நின்ற கலங்கரை விளக்கத்தையும் அறிஞர் சிலர் மாமல்லபுரக் கரையோடு இணைத்துக் காண்பர். பல்லவர் காலத்தில் தமிழ் வணிகர் கடல்கடந்து சென்றமைக்கு, தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சான்றாகும். அந்நாட்டு அரச சடங்குகளில் ஓதப்பெறும் மந்திரத்தில் திருவெம்பாவை உருமாறி வழங்குவதை அடிகளார் எடுத்துக்காட்டினார். இக்கரையிலிருந்து சென்ற கலங்களின் தடத்தை அவர் ஏடுகளின் வழியே மீண்டும் தேடினார் எனலாம்.

1952இல் அவர் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழ் அவர்தம் பணிகளுள் தலையாயது. இந்தியப் பண்பாடு என்றால் வடமொழிப் பண்பாடே என உலகப் பல்கலைக்கழகங்கள் கருதியிருந்த காலம் அது. நம் பெருமையை நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பதால் அக்கருத்து மாறாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆதலின், உலகறிஞர் படிக்கும் மொழியில், அவர்கள் ஏற்கும் ஆய்வு நெறியில் எழுதினார். பிறரையும் எழுதச் செய்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியபோதும் இந்நோக்கம் மாறவில்லை. 1679இல் அச்சான அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்து வெளிக்கொணர்ந்து, 1966இல் கோலாலம்பூரில் பதிப்பித்தார்.

1964 ஜனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருப்பெற்றது. வ. அய். சுப்பிரமணியம் உள்ளிட்டோருடன் அடிகளாரும் அதற்கு முன்னின்றார். பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவராகவும், அடிகளாரும் செக் நாட்டுக் கமில் சுவெலபிலும் செயலாளர்களாகவும் அமைந்தனர். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நிகழ்ந்தது. 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாட்டின் நினைவாக மெரினாக் கடற்கரையில் வீரமாமுனிவர், போப், கால்டுவெல் ஆகியோரின் சிலைகளும் எழுந்தன. 1970இல் பாரிசு மாநகரம் மூன்றாம் மாநாட்டைக் கண்டது.

நான்காம் மாநாடு 1974 ஜனவரியில் அடிகளாரின் தாயகமான யாழ்ப்பாணத்தில் கூடியது. இறுதி நாளில் திரண்ட மக்கள்மீது காவல்துறை மேற்கொண்ட நடவடிக்கையால் உயிர்கள் பலியாயின. ஆராய்ச்சிக்கெனக் கூடிய அவை துயரில் முடிந்தது. மொழியை ஆராயும் உரிமையும், அம்மொழியைப் பேசுவோர் அச்சமின்றி வாழும் உரிமையும் பிரிக்கவொண்ணாதவை என்பதை அந்நாள் காட்டிற்று. மொழியுரிமைக்காக முன்னரே எழுதியும் பேசியும் வந்த அடிகளார் 1980 செப்டம்பர் 1ஆம் நாள் மறைந்தார்.

அடிகளார் தமிழைப் பிற மொழிகளுக்கு எதிராக நிறுத்தவில்லை; அவற்றோடு ஒத்த நிலையில் அமர்த்தினார். பாராட்டுரையினும் சான்று வலிமையுடையது என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம். பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை பாடியும் நூலாய்ந்தும் வரும் இலக்கிய அன்பர்கள், தம் ஊர்க் கல்வெட்டையும் கடற்றுறையையும் வாய்மொழிப் பாடலையும் ஆய்ந்து பதிவு செய்வார்களாயின், அதுவே அடிகளார்க்கு ஏற்ற நினைவாகும்.