பேராலயப் பாடற்குழுவில் சிறார் பயிற்சி: குரலின் நிறமும் ஆராதனையின் எண்ணிக்கையும்

இங்கிலாந்துப் பேராலயங்களின் சிறார் பாடற்குழுக்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் குரலின் நிறத்தையே சுற்றி வருகிறது. 1991இல் சால்ஸ்பரி பேராலயம் சிறுமியருக்கெனத் தனிக் குழு அமைத்தபோது, சிறுவர் குரலுக்கே உரிய தூய்மை அழிந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. அந்த அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. 1950களில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பயிற்றுநர் போரிஸ் ஆர்ட் மென்மையும் சீர்மையும் கொண்ட ஒலியைப் பேணிவந்தார். அதே காலத்தில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தில் ஜார்ஜ் மால்கம் அதே வயதுப் பிள்ளைகளிடமிருந்து கூர்மையான, திறந்த குரலை வரவழைத்தார். பெஞ்சமின் பிரிட்டன் 1959இல் ‘மிஸா பிரேவிஸ்’ இயற்றியது அந்தக் குழுவுக்காகவே. நாடும் வயதும் ஒன்றாயிருக்க ஒலி மட்டும் வேறுபட்டதென்றால், அது பயிற்றுநர் வார்த்த ஒலி.

அப்படியானால் எதைக் குறித்துக் கவலைப்பட வேண்டும்? என் பார்வையில், ஒரு பிள்ளை பாடும் ஆராதனைகளின் எண்ணிக்கையைக் குறித்து.

1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் விவிலியத்தின் 150 சங்கீதங்களையும் 30 நாள்களுக்கு, காலை மாலை எனப் பங்கிடுகிறது. 15ஆம் தேதி மாலைக்கு உரியது 78ஆம் சங்கீதம். எழுபதுக்கு மேற்பட்ட வசனங்கள். மெட்டோ மிகச் சிறியது. எத்தனை அசைகள் வந்தாலும் முதல் சுரத்திலேயே நின்று, பேச்சின் ஓட்டத்தில் சொல்லிக்கொண்டே போய், குறித்த அசையில் எல்லோரும் ஒருசேர அடுத்த சுரத்துக்கு மாற வேண்டும். அந்த இடத்தைத் தாளக்கணக்கு காட்டித் தராது. பக்கத்தில் நிற்கும் மூத்த பிள்ளை மூச்செடுப்பதைக் கேட்டுத்தான் ஏழெட்டு வயதுப் புதுப் பிள்ளை அதைப் பிடிக்கிறது. ஒத்திகையில் தவறு செய்த பிள்ளை, பாட்டை நிறுத்தாமல் கையை மட்டும் உயர்த்தும். ‘என் பிழை எனக்குத் தெரியும்’ என்பது அதன் பொருள். பயிற்றுநர் மேலே போகலாம். இந்தத் தற்காணிப்பு பாடம் நடத்தி வருவதன்று, பழகிப் பழகி வருவது.

பழகுவதற்கான காலமோ சுருங்கிவிட்டது. இசையமைப்பாளர் பாக் காலத்து லைப்சிக்கில் 16, 17 வயதுவரை உயர்குரலில் பாடியவர்கள் உண்டு. இன்று 13 வயதையொட்டியே பலருக்கு மகரக்கட்டு வந்துவிடுகிறது. பாடத் தெரிந்த மூத்தவர்கள் வரிசையில் நிற்கும் ஆண்டுகளே இதனால் குறைந்துபோகின்றன. இந்த நிலையில் சிறுவர் குழு, சிறுமியர் குழு என இரண்டாக்கி ஆராதனைகளைப் பகிர்ந்தால், ஒவ்வொரு பிள்ளையின் பங்கும் ஏறக்குறையப் பாதியாகிறது. போதாததற்குப் பல ஆலயங்கள் சங்கீதங்களையும் சுருக்கிவிட்டன.

பகிர்வால் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைக்கிறது என்பது நியாயமான மறுப்பு. அன்றாடப் பாட்டைப் போற்றுவோர், 19ஆம் நூற்றாண்டில் மரியா ஹாக்கெட் பாடற்சிறுவர்களின் அவலநிலையை எதிர்த்துப் பல்லாண்டு போராட நேர்ந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் ஓய்வு தர வேறு வழிகள் உண்டு: ஒத்திகையைக் குறைக்கலாம், வார இறுதிகளை விடலாம்.

கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 2022இல் சிறுமியரைச் சிறுவர்களோடு ஒரே குழுவில் சேர்த்தது. என் கணிப்பில் இதுவே சரியான திசை. இன்னொரு படியும் எடுக்கலாம். சிறுமியர் 13 வயதில் விலகக் குரல் காரணமில்லை. பல ஊர்களில் பாடற்பள்ளி அந்த வயதோடு முடிந்துவிடுகிறது, அவ்வளவே. ஈலி பேராலயத்தில் 13 முதல் 18 வயதுவரையான பெண்கள் தனிக் குழுவாகப் பாடுகிறார்கள். அவர்களில் சிலரை எட்டு வயதுப் பிள்ளைகளின் வரிசையிலேயே நிறுத்தினால், சங்கீதத்தில் எங்கே மூச்செடுப்பது என்று காட்டித்தர மீண்டும் மூத்தவர்கள் கிடைப்பார்கள்.