127 நாளுக்குப் பிறகு

1984ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிஐடியு, ஏஐடியுசி தொழிற்சங்கங்கள் முன்னின்று நடத்திய போராட்டம் அது. விலைவாசி ஏறினால் சம்பளமும் கூடவே ஏற வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. எங்கள் பெரியப்பா அப்போது திருப்பூர் ராயபுரத்தில் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பெரியம்மாவின் தோடு அடகுக்குப் போய்த்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்தப் போராட்டத்தைப் பெருமையோடு பேச இன்றைக்கும் ஆள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பேசத்தான் ஆள் இல்லை. நான் பனியன் வேலைக்கு வந்ததே அதனால்தான் என்பதால் நான் சொல்கிறேன்.

வேலைநிறுத்தம் வந்தால் வேலையை வேறு ஊருக்குக் கொண்டுபோவது முதலாளிகளின் பழைய வழி. 1936ல் அமெரிக்காவின் காம்டன் நகரில் ஆர்சிஏ ரேடியோ கம்பெனியில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1940ல் ரேடியோ பூட்டும் வேலை இண்டியானா மாநிலத்துப் புளூமிங்டனுக்குப் போய்விட்டது. அங்கே கம்பெனி தேடி எடுத்ததெல்லாம் இளம்பெண்களைத்தான். பம்பாயில் 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நெசவு பிவண்டி விசைத்தறிகளுக்குப் போயிற்று. நம் ஊரே அப்படிப் பலன் அடைந்த ஊர்தான். 1925ல் குலாம் காதர் இங்கே முதல் பின்னல் பட்டறை வைத்தார். 1930களின் இறுதியில் சேலத்திலும் மதுரையிலும் வேலைநிறுத்தங்கள் வந்தபோது, இங்கே புதுப் பட்டறைகள் கிளம்பின.

1984க்குப் பிறகு திருப்பூர் முதலாளிகள் எங்கே போவார்கள்? நூல், சாயம், பிளீச்சிங், அட்டைப்பெட்டி எல்லாம் இங்கேதான். அதனால் ஊரை மாற்றாமல் தெருவை மாற்றினார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்த கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சந்து சந்தாகப் பிரிந்தன. தம்பி பெயரில் ஒரு கம்பெனி, மனைவி பெயரில் ஒரு கம்பெனி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தாலே அன்றைக்குத் தொழிற்சாலை. பி.எஃப். பிடிக்க 20 பேர் வேண்டும். ஷெட் சின்னதாக இருந்தால் இரண்டும் இல்லை. ஏற்றுமதி ஆர்டர் பெருகத் தொடங்கிய காலமும் அதுதான் என்பதை மறைக்கக் கூடாது. ஆர்டர் வரும்போது ஆளைக் கூட்டவும் இல்லாதபோது கழிக்கவும் இந்த ஏற்பாடு வாகாக இருந்தது.

நான் சேர்ந்தது கொங்கு நகரில் அப்படி ஒரு ஷெட்டில், கைமடியாக. பவர் டேபிள் என்பது நீளமான மேஜை. அடியில் ஒரே தண்டு, ஒரே மோட்டார், மேலே வரிசையாகத் தையல் மிஷின்கள். கைமடி எதிரே உட்கார்ந்து விளிம்பை மடித்துக் கொடுக்க வேண்டும், தைத்து வரும் உருப்படியில் பிசிறு வெட்ட வேண்டும். பஞ்சுத் தூசி மூக்கை அடைக்கும். டெய்லர் கை எந்த வேகத்தில் ஓடுகிறதோ அந்த வேகத்தில் என் கையும் ஓட வேண்டும், ஏனென்றால் கூலி டஜன் கணக்கு. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரைக்கு எழுந்திருப்போம். அது ஒன்றரை ஷிப்ட். முன்பு ஆண்களே நிறைந்திருந்த மேஜைகளில் நாங்கள் உட்கார்ந்தோம். பெண்பிள்ளைகள் சங்கம் கிங்கம் என்று போகமாட்டார்கள் என்று வேலைக்கு எடுத்தவர்கள் எங்கள் காதுபடவே சொல்வார்கள். அந்தச் சொல் இன்றைக்கும் எனக்கு எரிகிறது. பெரியப்பாவின் இடத்தை நான் பிடுங்கிக்கொண்டேனா என்று அப்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவருக்குத் தந்த ஷிப்ட் சம்பளத்தை எனக்கு யாரும் தரவில்லை என்பது போகப்போகத்தான் உறைத்தது.

எங்கள் ஷெட்டை நடத்திய கான்ட்ராக்டர் 127 நாளும் கொடி பிடித்தவர். கம்பெனி கட்டிங் பீஸை மூட்டையாக அவரிடம் கொடுக்கும், டஜனுக்கு இவ்வளவு என்று. அந்த ரேட்டில் அவருக்கும் மிஞ்சுவது குறைவு. முதலாளி சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் போட்டு இத்தனை சதவீதம் உயர்வு என்று அறிவிப்பார்கள். ஒருமுறை அந்த உயர்வை எங்களுக்கும் கேட்டேன்.

“நான் கம்பெனி இல்லையே அம்மிணி” என்றார்.

கம்பெனியில் போய்க் கேட்டால், நீ எங்கள் ஆளே இல்லை என்றார்கள். பஞ்சப்படியை யாரிடம் கேட்பது என்பது பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்தது.