கொட்டாங்கச்சிக் கரியும் நாங்கள் கேட்காத கேள்வியும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று சங்கத்துத் தம்பிகள் கேட்டதும், எனக்கு நம் வேதியியல் ஆய்வுக்கூடமும் ஒரு பிடி கரியும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

நாங்கள் படித்த 1970-களில் முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் கொட்டாங்கச்சி வாங்கி வந்து, ஆய்வுக்கூடத்தில் கரியாக்கப் பார்த்தேன். மூடி போட மறந்துவிட்டேன். மிஞ்சியது சாம்பல்! பேராசிரியர் கோபிக்கவில்லை. "காத்து பட்டா சாம்பல்ப்பா. காத்து படாம வெந்தாத்தான் கரி" என்றார்.

அப்படி வெந்த கரியை 800, 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவியில் வாட்டினால், கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். ஒரு கிராமின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டும். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிக்குள் வைத்ததும் தேங்காய் ஓட்டுக் கரிதான். எங்களுக்கோ அது கரைசலில் நிறம் நீக்கும் பொடி, அவ்வளவுதான்.

ஆனால் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் பெக்கர், துளைக் கரியை மின்வாயாக வைத்த மின்தேக்கிக்கு 1957-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்பது சரியாகத் தெரியவில்லை என்று அந்தக் காப்புரிமையிலேயே எழுதியும் வைத்தார்! விடை, ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-ல் சொன்ன இரட்டை அடுக்கில் இருந்தது. கரைசலின் அயனிகள் கரியின் பரப்பை ஒட்டி நிற்கும். அயனி நுழையும் அளவுக்குத் துளை இருந்தால், பரப்பு கூடக்கூட மின்சேமிப்பும் கூடும். பேட்டரி அளவுக்கு இது கொள்ளாது. ஆனால் நொடிகளில் ஏறும், லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம்.

நாங்கள் பட்டம் வாங்கிப் போன பிறகு, 1978-ல், ஜப்பானின் என்.இ.சி. இதை 'சூப்பர் கெபாசிட்டர்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று இதற்கென்றே பேர்போன ஜப்பானியக் கரி ஒன்று தேங்காய் ஓட்டில் செய்ததுதான்!

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-ல் திறக்கப்பட்டது. நம் மாஹேக்குப் பக்கத்திலுள்ள கண்ணூரில், இஸ்ரோவின் தொழில்நுட்பத்தோடு கெல்ட்ரான் 2024-ல் சூப்பர் கெபாசிட்டர் ஆலை தொடங்கியது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே! கொட்டாங்கச்சி எங்களிடமும் இருந்தது, அடுப்பும் இருந்தது, சொல்லித்தர நல்ல வாத்தியாரும் இருந்தார். "இந்தக் கரி வேற எதுக்கு சார் ஆகும்?" என்று மட்டும் நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.