வட்டைக்குள் இறங்கும் வெயில்

(தொடர் – 12)

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கதையையும், சேனநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர் கரையோர வட்டைகளுக்கு வந்து சேர்ந்த வரலாற்றையும் சென்ற வாரம் பார்த்தோம். வாய்க்காலில் தண்ணீர் தட்டாமல் வந்தால் வேளாண்மை விளையும் என்பது கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் விவசாயிகளின் அனுபவம். அந்தத் தண்ணீரே பயிராகிவிடுகிறது என்று நம்பிய ஒருவர் ஐரோப்பாவில் இருந்தார். அவரிலிருந்து இந்த வாரம் தொடங்குவோம்.

பிரசல்ஸ் நகரில் பிறந்த மருத்துவர் வான் ஹெல்மொண்ட், 200 இறாத்தல் உலர்மண் நிரப்பிய தொட்டியில் 5 இறாத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 இறாத்தலுக்கு வளர்ந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சுதான். ஆகவே மரம் முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு, 1648இல் அவருடைய நூல் வெளிவந்தது. மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்று அவர் கண்டது சரி. காற்றைக் கணக்கில் சேர்க்காததுதான் பிழை.

அந்தக் கணக்கைத் திருத்த ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. மெழுகுதிரி எரிந்து அணைந்த கண்ணாடிக் கூண்டுக்குள் புதினாத் தண்டொன்றை வைத்துச் சில நாள் விட்டால், அதே காற்றில் திரி மீண்டும் எரியும் என்று 1771இல் பிரீஸ்ட்லி இங்கிலாந்தில் கண்டார். வெயில் பட்டால் மட்டுமே, அதுவும் பச்சைப் பாகங்களே இதைச் செய்கின்றன என்று 1779இல் இங்கன்ஹவுஸ் காட்டினார். இலை உள்ளே எடுப்பது காபனீரொட்சைட்டை என்று ஜெனீவாவின் செனிபியர் சொன்னார். தண்ணீரும் அதனுடன் சேர்ந்தே தாவரத்தின் எடையாகிறது என்பதை 1804இல் சோசூர் அளந்து நிறுவினார். வெயிலின் துணையால் காற்றும் தண்ணீரும் இலையில் உணவாகும் ஒளித்தொகுப்பின் கணக்கு அப்போதுதான் நேரானது.

அந்த உணவைக் கண்ணால் காணும் வழி 1860களில் ஜெர்மனியின் சாக்ஸ் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. நம் பாடசாலைகளில் பிள்ளைகள் இன்றும் அதைச் செய்கிறார்கள். இலையின் நடுவே கறுப்புத் தாளைச் சுற்றி வெயிலில் விடுவார்கள். பிறகு இலையைப் பறித்து வெந்நீரில் இட்டு, மதுசாரத்தில் சூடாக்கிப் பச்சையத்தை நீக்கி, அயடீன் கரைசல் விடுவார்கள். வெயில் பட்ட இடம் கருநீலமாகும். தாள் மறைத்த பட்டை கருநீலமாகாது. கருநீலம் காட்டுவது மாப்பொருள். சோற்றில் நாம் உண்பதும் அதே மாப்பொருள்தான்.

காபனீரொட்சைட்டு சீனியாக மாறும் படிகளைக் கதிரியக்கக் காபனைக் கொண்டு தேடிக் கண்டதற்காக அமெரிக்காவின் மெல்வின் கல்வினுக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான்.

நெல்லில் இது எப்படி நடக்கிறது? கதிர் வந்தபின் பால் பருவத்து மணியை நகத்தால் நசுக்கினால் வெள்ளையாகப் பால் வடியும். அந்த மாப்பொருளில் பெரும்பகுதி, கதிர் வெளிவந்த பிறகு மேல் இலைகள் வெயிலில் ஆக்கி அனுப்பியது. அந்த வாரங்களில் பூச்சியோ நோயோ மேல் இலைகளைத் தின்றால் பதர் கூடும். மாரியின் மேகமூட்டத்தை விட வெயில் மிகுந்த சிறுபோகத்தில், தண்ணீர் போதுமானால், நெல் கூடுதலாக விளைய வாய்ப்பிருப்பதும் இதனால்தான்.

நெல் ஆராய்ச்சியும் இலைக்கு வெயிலைக் கூட்டும் வழியில்தான் நடந்தது. 1958இல் பத்தலகொட நிலையம் தந்த எச் 4 இனம் நன்றாக விளைந்தது. ஆனால் உயரமான பயிர். உரம் கூடினால் சாய்ந்து விழும். 1970களில் பரவிய பீ.ஜீ. இனங்களோ குட்டையானவை. அவற்றின் இலைகள் நிமிர்ந்து நிற்பதால், மேல் இலை கீழ் இலையை மறைக்காது. அடி இலை வரை வெயில் இறங்கும்.

ஆனாலும் நெல்லுக்கு ஒரு குறை உண்டு. கடும் வெப்பத்தில் அதன் நொதியம் காபனீரொட்சைட்டுக்குப் பதில் ஒட்சிசனைப் பிடித்து, செய்த உணவில் ஒரு பங்கை வீணாக்கும். கரும்பு அப்படி வீணாக்குவதில்லை. அது காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் தனி வழியை 1966இல் அவுஸ்திரேலியாவின் ஹட்சும் சிலாக்கும் விளக்கினார்கள். நம் மாவட்டத்து ஹிங்குராணைக் கரும்பும் சேனைச் சோளனும் அந்த வகையே. அந்த ஆற்றலை நெல்லுக்கும் கொடுக்க உலக விஞ்ஞானிகள் இன்று முயன்று வருகிறார்கள்.

விவசாய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெட்டு முடிந்ததும் வட்டைகளில் வைக்கோல் எரிகிறது. அந்த வைக்கோல், பயிர் மாதக்கணக்கில் காற்றிலிருந்து சேர்த்த காபன். பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கும் அதில்தான் இருக்கிறது. காசு கொடுத்து உரம் வாங்குகிறோம். கையிலிருக்கும் உரத்துக்குத் தீ வைக்கலாமா? அடுத்த போகத்துக்கு முன் அதை வயலில் பரப்பி உழுதுவிடுங்கள்.

(தொடரும்)